விற்பவருக்குக் கொமிசன் இல்லை

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேரிசுகந்தி கையெழுத்து வைத்தால் அவளுடைய வீடு போய்விடும். அப்போது நேரம் காலை எட்டே முக்கால். ஊர்காவற்றுறையில், அந்த வீட்டுக் குசினிக்குள் ஒரு கதிரையில் இருந்தபடி எமிலி இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். நிலைக்கதவில் சாய்ந்து நின்ற மார்க்கண்டு, இந்த வீட்டில் தேத்தண்ணி தருவார்களா மாட்டார்களா என்பதைத் துப்பறிந்துகொண்டிருந்தார்.

எமிலி யாழ்ப்பாணத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பதினான்கு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவள். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறாள். மார்க்கண்டு முப்பது வருடம் காரைநகர் பஸ்ஸில் கொண்டக்டர். ரிக்கற் எடுக்காதவனை முகத்தில் கண்டுபிடிப்பேன் என்று பெருமை பேசுவார். ஓய்வு பெற்ற பிறகு ஓட்டோ ஓட்ட வந்தவர், எமிலியை ஒரு நாள் ஏற்றி இறக்கப் போய், அவளோடேயே நின்றுவிட்டார்.

வழக்கு இதுதான். மேரிசுகந்தியின் மகள் றொஷானிக்கு எட்டு வயது. பிறவியிலேயே காது கேளாது. அப்படியான பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் யாழ்ப்பாணப் பக்கம்தான் இருக்கிறது. தீவிலிருந்து தினமும் போய்வர அந்தச் சின்ன உடம்பு தாங்கவில்லை. ஆகவே சீதன வீட்டை விற்று, யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒரு வீடு வாங்குவது என்று சுகந்தியும் கணவன் அமலதாஸும் முடிவுசெய்து, அங்கே முற்பணமும் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முற்பணமும் போய்விடும், வீடும் போய்விடும்.

ஊர்காவற்றுறையில் காணி, வீடு விற்பதென்றால் இருபத்தைந்து வருடமாக எல்லாரும் தரகர் பஸ்ரியாம்பிள்ளையரிடம்தான் போவார்கள். விற்ற விலையில் நூற்றுக்கு இரண்டு அவருக்கு, விற்றவர் கொடுப்பார். போன வருடம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லவன் என்பவன் 'தீவக நிழல்' என்று ஒரு தரகுக் கந்தோர் திறந்து, வாசலில் பெரிய பலகை தொங்கவிட்டான். 'விற்பவருக்குக் கொமிசன் இல்லை. வாங்குபவரே தருவார்.' சனம் முழுக்க அங்கே போய்விட்டது. சுகந்தியும் போனாள். எண்பது இலட்சம் என்று விலை போட்டார்கள். வீட்டைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் பிடித்தது. பிறகு மூன்று பேருக்கும் பெயரில்லாத ஒரு போன் போனது. மூன்று பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கொமிசன் போன கோபத்தில் பஸ்ரியாம்பிள்ளையர்தான் குழப்புகிறார் என்று லவன் சொன்னான். சுகந்தி அதை நம்பி, போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கோயில் வளவில் வைத்து எல்லாருக்கும் முன்னால் அந்த மனிசனைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். அவர் நேரே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. இப்போது லவன் கடைசியாக ஒருவரைப் பிடித்திருந்தான்: சுவிஸில் இருக்கும் சிவதர்சன். அவர் கொடுப்பது அறுபது. அறுபதுக்கு விற்றால் அமலதாஸ் படகையும் எஞ்சினையும் விற்றால்தான் குருநகர் வீட்டுக்குப் பணம் சேரும். படகில்லாமல் குருநகரில் என்ன தொழில் செய்வது என்று அவனுக்குத் தெரியாது. எமிலியைச் சுகந்தி கூப்பிட்டதே பஸ்ரியாம்பிள்ளையர்மேல் ஆதாரம் பிடிக்கத்தான்.

முந்திய நாள் எமிலி மூன்று பேரில் இரண்டு பேரோடு போனில் கதைத்திருந்தாள். அனலைதீவுக் கமக்காரர் உழவு இயந்திரம் போக அகலமான ஒழுங்கை கேட்டவர். அவருக்கு வந்த போனில் ஒழுங்கை வழக்கில் கிடக்கிறது என்று சொல்லப்பட்டது. காரைநகர்க்காரர் சுகமில்லாத மனைவிக்காகச் சத்தமில்லாத இடம் தேடியவர். அவருக்கு, எதிரில் கள்ளுத் தவறணை வரப்போகிறது என்று சொல்லப்பட்டது. இரண்டுமே பொய். மூன்றாவது ஆள் நயினாதீவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஞானசவுந்தரி. அவர் மட்டும் போன் எடுக்கவில்லை.

எமிலி கடிதத்தைக் கீழே வைத்தாள். அது சிவதர்சனின் நிபந்தனைகள் என்று லவன் தட்டச்சுச் செய்து கொடுத்தது. ஐந்தாவது நிபந்தனையில் அவளுடைய விரல் நின்றது.

"கிணத்தடிப் பவளமல்லிகையை வெட்டக்கூடாது எண்டிருக்கு. சுவிஸ்காரர் இந்த வீட்டுக்கு வந்தவரே?"

"இல்லை அக்கா. படம் மட்டும்தான் பாத்தவராம். அதுவும் முன்பக்கப் படம்," என்றாள் அடுப்படியில் நின்ற சுகந்தி.

எமிலி எழுந்து கிணற்றடிக்குப் போனாள். ஆளுயரத்துக்கு மேலே ஒரு மரம். வெயில் ஏறிவிட்டதால் கிளையில் பூ ஒன்றும் இல்லை. நிலத்தில் மட்டும் நாலைந்து வாடிக் கிடந்தன.

"பகலிலை பாத்தா இது பூமரம் எண்டே தெரியாது. விடியக்காலமை விழுந்து கிடக்கிறதைப் பாத்த ஆளுக்குத்தான் தெரியும். ஆர் விடிய வந்தது?"

சுகந்தி யோசித்தாள். கமக்காரர் பின்னேரம் வந்தவர். காரைநகர்க்காரர் மத்தியானம். நயினாதீவு ரீச்சர் மட்டும் முந்திய இரவு இங்கே ஆரோ சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடிய ஆறு மணிக்கே வந்தார். குட்டையாக வெட்டிய வெள்ளை மயிர், கையில் மடக்குத் தடி. குனிய ஏலாத முழங்காலோடு குனிந்து, அந்தப் பூவைக் கைலேஞ்சியில் பொறுக்கிக்கொண்டு போனார்.

"வாங்கோ அண்ணை," என்றாள் எமிலி. "பத்து மணி நயினாதீவுப் படகைப் பிடிக்கவேணும்."

மார்க்கண்டு அடுப்பில் கொதிக்கத் தொடங்கியிருந்த கேத்தலை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓட்டோவுக்குப் போனார்.

வேலணையைத் தாண்டி, கடலை வெட்டிப் போகும் நீண்ட பாலத்தில் ஏறியபோது எதிர்காற்று ஓட்டோவைப் பின்னுக்குத் தள்ளியது. மடத்துவெளியில் மாடுகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. மார்க்கண்டு ஹோர்ன் அடித்துப் பார்த்தார். பிறகு கொண்டக்டர் குரலில், உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ என்று கத்தினார். மாடுகள் விலகின. முப்பது வருடத்தில் மனிசர் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை என்றார்.

சிரிப்பு எமிலியின் முகத்துக்கு வரவில்லை. அவருக்கும் உள்ளே இருந்தது பயம்தான். அந்த ரீச்சர்தான் திருடி என்று அவர் முடிவே கட்டிவிட்டார். தானே வேண்டாம் என்றுவிட்டு, மற்றவர்களையும் போனில் கலைத்துவிட்டு, சுவிஸ் பெயரில் இருபது இலட்சம் குறைத்து வாங்கப் பார்க்கிறார். எமிலியிடம் அதைச் சொன்னார்.

"அப்பிடியெண்டா, கமக்காரருக்கு ஒழுங்கைதான் முக்கியம் எண்டு ரீச்சருக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

"அப்ப போன் எடுத்தது பஸ்ரியாம்பிள்ளையர்தான். அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவர் அந்த மூண்டு பேரையும் கண்டதே இல்லை. அவர் குழப்பியிருந்தா மூண்டு பேருக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லியிருப்பார். இது ஆளுக்கு அளவெடுத்துத் தைச்ச பொய், அண்ணை."

குறிகட்டுவானில் படகு புறப்படத் தயாராக நின்றது. அம்மன் கோயிலுக்குப் போகிற சனமும் விகாரைக்குப் போகிற சனமும் நெருக்கியடித்து ஏறின. இருபது நிமிடத்தில் நயினாதீவு. இறங்குதுறையில் கால் வைத்ததுமே எமிலி மார்க்கண்டுவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். திரும்பிப் போகிற படகுக்கு நின்ற வரிசையில், குட்டை வெள்ளை மயிரோடு, மடக்குத் தடியும் பிளாஸ்ரிக் கோப்பும் பிடித்துக்கொண்டு ஒரு மனிசி நின்றார்.

வந்த படகிலேயே அவர்கள் திரும்ப ஏறினார்கள். எமிலி ரீச்சருக்குப் பக்கத்தில் போய் இருந்து, தான் யார் என்று சொன்னாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கதைக்கவேண்டியிருந்தது.

"நீங்கள் ஏன் அந்த வீட்டை விட்டனீங்கள் எண்டு கேக்க வரேல்லை ரீச்சர். ஏன் குறைச்சு வாங்குறியள் எண்டு கேக்க வந்தனாங்கள்."

ஞானசவுந்தரியின் முகம் இறுகியது. அதில் ஒளிப்பு எதையும் மார்க்கண்டு காணவில்லை. கோபம்தான் இருந்தது. தான் விடவே இல்லை என்றார் அவர். சிவதர்சன் தன்னுடைய மருமகன். காசு அவன் அனுப்புவது, இருக்கப்போவது தான். முழங்காலுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டும், பூக்கன்று வைக்க நல்ல தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒரு போன் வந்தது, கிணறு உப்பு என்று. லவனைக் கேட்டார். லவன் தயங்கித் தயங்கி, உண்மைதான் என்றான்.

"வீட்டுக்காரியும் ஒத்துக்கொண்டுதான் இருவது குறைச்சவளாம். இப்ப வந்து என்னைக் கள்ளி மாதிரி விசாரிக்கிறியள்."

"சுகந்திக்கு நீங்கள் வாங்குறதே தெரியாது. நீங்கள் வேண்டாம் எண்டிட்டியள் எண்டுதான் அவளுக்குச் சொன்னது."

ரீச்சர் கோப்பைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு தாளை எமிலியிடம் நீட்டினார். லவனோடு செய்த ஒப்பந்தம். மார்க்கண்டு தோளுக்கு மேலால் எட்டிப் படித்தார். வாங்குபவர் தரவேண்டிய கொமிசன்: போட்ட விலையில் எவ்வளவு குறைக்கப்படுகிறதோ, அதில் அரைவாசி. வேறு கட்டணம் இல்லை.

அதைப் படித்தபோதுதான் மார்க்கண்டுவுக்கு எல்லாம் வெளித்தது. பழைய முறையில் வீடு கூட விலைக்குப் போனால் தரகருக்கு லாபம். இந்தப் புது முறையில் வீடு எவ்வளவு மலிவாகப் போகிறதோ அவ்வளவு லாபம். ஒன்றரை இலட்சத்துச் சொச்சம் கொமிசனை மிச்சம் பிடிக்கப் போன சுகந்தி, இருபது இலட்சத்தை இழக்கப்போகிறாள். அதில் பத்து லவனுக்கு.

"உங்களுக்குக் கிணறுதான் முக்கியம் எண்டு ஆருக்குச் சொன்னனீங்கள்?" என்று எமிலி கேட்டாள்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கந்தோரிலை ஒரு படிவம் தந்தவை. வீட்டிலை உங்களுக்கு எது முக்கியம் எண்டு கேட்டிருந்துது. அதிலை எழுதினனான்."

எமிலி மற்ற இரண்டு பேரின் கதையையும் சொன்னாள். அவர்களும் அதே படிவத்தை நிரப்பியவர்கள். ரீச்சர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பெண்கள் கூட்டம் ஒன்று அம்மன் பாட்டுப் பாடத் தொடங்கியது.

"உம்மை எனக்குத் தெரியாது," என்றார் கடைசியில். "தரகர் பொய் சொன்னால் நீரும் சொல்லலாம்தானே."

"சொல்லலாம். நீங்கள் என்ன பாடம் படிப்பிச்சனீங்கள் ரீச்சர்?"

"விவசாயம்."

"உப்புக் கிணத்தடியிலை பவளமல்லிகை அப்பிடிப் பூக்குமோ?"

ரீச்சர் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். அதற்குள் படகு குறிகட்டுவானில் முட்டியது. இறங்குதுறையில் வெள்ளை வான் ஒன்றின் பக்கத்தில், மடிப்புக் கலையாத சேட்டோடு, லவன் நின்றுகொண்டிருந்தான்.

மார்க்கண்டு ரீச்சரின் கோப்பைப் பிடித்து நிறுத்தலாமா என்றுகூட யோசித்தார். ரீச்சர் தடியை ஊன்றிப் படியேறினார். லவன் கைகொடுத்து ஏற்றினான். இருவரும் ஏதோ கதைத்தார்கள், ரீச்சர் சிரித்தார். வான் கதவு மூடியது. தூசி கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

"முடிஞ்சுது," என்றார் மார்க்கண்டு. "ரிக்கற்றும் எடுத்து, சீற்றும் பிடிச்சு, மனிசி போட்டா."

"ஓடுங்கோ அண்ணை," என்றாள் எமிலி. சுகந்திக்குப் போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் கந்தோருக்குள் போனால் போனை நிப்பாட்டச் சொல்வார்கள் என்று மார்க்கண்டு சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும். ஒரு மணித்தியாலப் பாதையை அன்றைக்கு அவர் நாற்பத்தைந்து நிமிடத்தில் ஓடினார். பாலத்தில் ஓட்டோவின் பின்சில்லு ஒன்று இரண்டு தடவை நிலத்தை விட்டது.

ஊர்காவற்றுறையில் நொத்தாரிசு கந்தோர் மேல்மாடியில் இருந்தது. கீழே வெள்ளை வான் நின்றது. அதற்குள் ஒருவரும் இல்லை. பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம். எமிலி படியில் ஓடினாள். மார்க்கண்டு மூச்சு வாங்கப் பின்னால் ஏறினார்.

மேசைக்கு அந்தப் பக்கம் வயதான நொத்தாரிசு. இந்தப் பக்கம் சுகந்தி, கையில் பேனை. லவன் அவளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, காசோலை வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் வையுங்கோ அக்கா, சுணங்கினால் சுவிஸ்காரர் மனம் மாறிவிடுவார் என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய கழுத்து வேர்த்திருந்தது. ரீச்சரைக் காணவில்லை.

"வையாதையும் சுகந்தி," என்றாள் எமிலி.

லவன் நிமிர்ந்தான். எமிலி நிதானமாக, நொத்தாரிசைப் பார்த்தே சொன்னாள். இந்த வீட்டை எண்பதுக்கு வாங்க மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒருவர் போனில் மூன்று பொய் சொல்லிக் கலைத்திருக்கிறார். அது யார் என்று தெரியாமல் உறுதி முடிக்கக்கூடாது. என்ன பொய் என்று அவள் சொல்லவில்லை.

லவன் பொறுமையாகச் சிரித்தான். "ஐயா, உது பழைய கதை. பஸ்ரியாம்பிள்ளையர்தான் செய்தவர். தவறணை வருது, கிணறு உப்பு எண்டு கதை கட்டினது முழுக்க அவர்தான்."

மார்க்கண்டுவுக்கு முப்பது வருடப் பழக்கம். ரிக்கற் இல்லாதவன் தானாக வாய் திறக்கிற நேரம் அவருக்குத் தெரியும்.

"தம்பி," என்றார். "தவறணையெண்டு இஞ்சை ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லையே. நீர் எந்த ஹோல்ற்றிலை ஏறினனீர்?"

சுகந்தி லவனைப் பார்த்தாள். போன் வந்தது என்று மட்டும்தான் அவன் அவளுக்குச் சொல்லியிருந்தான். என்ன சொன்னார்கள் என்று தனக்கும் தெரியாது என்றான். அவள் பேனையைக் கீழே வைத்தாள். லவன், வாங்க வந்தவர்களே தனக்குச் சொன்னார்கள் என்று தொடங்கினான். அப்போது படியில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, நின்று நின்று, அது மேலே வந்தது.

முதலில் அமலதாஸ் உள்ளே வந்தான், கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலோடு. பின்னால் ஞானசவுந்தரி ரீச்சர். சேலைக் கரை நனைந்திருந்தது. சுகந்தி அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள். பூப் பொறுக்கிய மனிசியை அவள் மறக்கவில்லை.

முழங்கால் நோவுக்குக் குளிசை வாங்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியடியில் இறங்கி, அங்கிருந்து வேறு ஓட்டோவில் நேரே வீட்டுக்குப் போனதாக ரீச்சர் சொன்னார். அமலதாஸ் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தான். கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தரச் சொன்னாராம், தந்தானாம். அவ்வளவுதான். போத்தலை எடுத்து நொத்தாரிசின் முன்னால் வைத்தார்.

"குடிச்சுப் பாருங்கோ ஐயா. எனக்கு உப்பெண்டு விலை குறைச்ச கிணத்துத் தண்ணி."

நொத்தாரிசு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார். மறுபடியும் ஊற்றிக் குடித்தார். பிறகு, அறுபது இலட்சம் என்று எழுதியிருந்த உறுதியை இழுத்துத் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

ரீச்சர் சுகந்தியிடம் நேரே கேட்டார், எண்பதுக்குத் தருவியோ பிள்ளை என்று. சுவிஸில் இருக்கிற சிவதர்சன் தன்னுடைய மருமகன்தான், அவன் எண்பதுக்கும் காசு அனுப்பியிருக்கிறான். குறைந்த இருபது இன்னும் வங்கியில்தான் கிடக்கிறது. நாளைக்குக் காலை எடுத்துவந்து உறுதி முடிக்கலாம். இன்றைக்கு விலை உடன்படிக்கை எழுதிக் கையெழுத்து வைக்கலாம். சுகந்தி தலையை ஆட்டினாள்.

லவன் இன்னும் போகவில்லை. அவன் கடைசிச் சீட்டை எடுத்தான். வாங்குபவரைக் கொண்டுவந்தது தான்தான், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், தன்னுடைய கொமிசன் வரவேண்டும், இல்லாவிட்டால் கோட்டுக்குப் போவேன் என்றான். ரீச்சரின் முகம் வாடியது. தான் கையெழுத்து வைத்த தாள்தானே அது.

எமிலி ரீச்சரின் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"தருவா. இதிலை எழுதியிருக்கிறபடியே தருவா. குறைச்ச விலையிலை அரைவாசி. எவ்வளவு குறைஞ்சிருக்கு எண்டு நீரே சொல்லும், லவன்."

லவன் தாளைப் பார்த்தான். வேறு கட்டணம் இல்லை என்று கடைசி வரியில் அவனே எழுதியிருந்தான். நொத்தாரிசு இருமினார். லவன் வான் சாவியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிப் போனான். அவனுடைய கந்தோரில் இன்னும் எத்தனை பேரின் வீடு இப்படிக் கிடக்கிறது என்று அறிய, எமிலி அப்போதே சுகந்தியின் அயலவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டாள்.

உடன்படிக்கைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார் நொத்தாரிசு. அவருடைய எழுதுவினைஞர் ஒருவர். மற்றது லவனாக இருந்திருக்கவேண்டும். இப்போது ஆள் இல்லை. மார்க்கண்டு சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஒரு நிமிசம் ஐயா," என்றாள் சுகந்தி. "அண்ணை, என்னை ஒரு இடத்துக்குக் கொண்டுபோவியளோ?"

பஸ்ரியாம்பிள்ளையரின் கேற் பூட்டியிருந்தது. சுகந்தி கூப்பிட்டாள். நெடுநேரம் கழித்து அவர் சாரத்தோடு வந்து, கேற்றைத் திறக்காமல் உள்ளே நின்றார். ஒரு கிழமையில் மெலிந்து போயிருந்தார். சுகந்திக்கு நிறையச் சொல்ல இருந்தது என்பது மார்க்கண்டுவுக்கு ஓட்டோவுக்குள் இருந்தே தெரிந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் அவர்களுக்கும் கேட்கத்தக்கதாகவே சொன்னாள்.

"மாமா, நான் சொன்னது முழுக்கப் பிழை. கோயில் வளவிலை சொன்னதை அடுத்த ஞாயிறு அதே இடத்திலை நிண்டு பிழை எண்டு சொல்லுவன். இப்ப என்ரை வீட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து வேணும். நீங்கள் வந்து வையுங்கோ."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. சுகந்தி கேற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். திரும்பிப் போகலாம் என்று சொல்ல மார்க்கண்டு இரண்டு தடவை வாய் எடுத்தார், சொல்லவில்லை.

பத்து நிமிடத்துக்குப் பிறகு கதவு திறந்தது. பஸ்ரியாம்பிள்ளையர் ஸ்திரிக்கை போட்ட வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக வந்தார். கேற்றைத் திறந்து, ஓட்டோவில் ஏறி, சுகந்திக்கு இடம் விட்டு இருந்தார். ஓட்டோ கடற்கரைத் தெருவுக்குத் திரும்பியது.

"எவ்வளவுக்கு முடிச்சனீர்?" என்று கேட்டார்.

"எண்பதுக்கு மாமா."

அவர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"என்னட்டை வந்திருந்தா எண்பத்தைஞ்சுக்குக் குடுத்திருப்பன்," என்றார்.

சுகந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பஸ்ரியாம்பிள்ளையர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டார்.